மேல் பிரிவு

எதிரணியின் கடைசி ஆள் கைகளைத் தூக்கிய பிறகும் ரெமிஜியஸ் சுட்டான். வேண்டுமென்று இல்லை, விரல் முந்திக்கொண்டது. பெயிண்ட் உருண்டை அந்த மனிதனின் நெஞ்சில் வெடித்து மஞ்சளாய் வழிந்தது. விசில் ஊதினார்கள். பெயிண்ட்பால் போட்டியின் அமெச்சூர் பிரிவில் ரெமிஜியஸின் அணிக்குத் தொடர்ந்து மூன்றாவது வருடமாகக் கோப்பை. சுடப்பட்டவன் முகமூடியைக் கழற்றினான். பனியனில் பிரஹ்லாத் என்று இருந்தது. அவனும் ஆபீஸ் நண்பர்களுமாக ஐந்து பேர் சேர்ந்து ஆட வந்த முதல் போட்டி அது. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "செம்ம ஷாட் சார்" என்று கை நீட்டினான். அந்தக் கையைப் பிடிக்கும்போது ரெமிஜியஸால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

தங்கவயலிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவன் ரெமிஜியஸ். வாரம் முழுக்க யார் யாரிடமோ 'ஸாரி சார்' சொல்லியே நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேப்டன். அன்றைக்கு அவன் கை காட்டிய பக்கம் நான்கு பேர் ஓடுவார்கள்.

போட்டியை நடத்தும் மஞ்சுநாத் கோப்பையோடு வந்து அவன் தோளைத் தட்டினார்.

"ஏன் குரு, அடுத்த வருஷமாச்சும் மேல வர்றியா? ப்ரோல ஸ்லாட் இருக்குதுன்னு நானே ரெண்டு வாட்டி ஃபோன் பண்ணேன். நீதான் பேடா, வேணாம்னுட்ட."

பக்கத்தில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த அணிக்காரன் டேவிட்டின் கை நின்றது. ப்ரோ என்கிற அந்த மேல் பிரிவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் ரெமிஜியஸ் அணியிடம் சொல்லியிருந்தான், இரண்டு முறையும். யாமினி எழுந்து வந்தாள். பிரேசர் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அணியில் எல்லோரையும்விட வேகமானவள்.

"இடம் இல்லன்னாங்கன்னு சொன்னியேண்ணா?"

காரணங்கள் அவனிடம் தயாராக இருந்தன. அங்கே ஆடுகிறவர்கள் வாரம் நான்கு நாள் பயிற்சி எடுக்கிறார்கள், வெளியூர் போக வேண்டும், லீவு கிடைக்காது. எல்லாமே உண்மை. ஆனால் போன வருடம் ப்ரோ ஆட்டம் ஒன்றைப் பார்த்தபோது, நாற்பது வினாடியில் ஒரு அணி முழுவதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அந்த வரிசையில் முதல் ஆளாகத் தன்னையே பார்த்துவிட்டான்.

"உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"எங்களுக்கா?" அவள் குரல் உயரவில்லை. "தோத்திருப்போம். அவ்ளோதானண்ணா? தோத்தாலும் பரவால்லன்னுதான் ஆறு மாசமா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடிக்கினு இருந்தேன்."

பயந்துட்டேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்குள் போட்டோ எடுப்பவர், "கேப்டன், கப்ப மேல தூக்குங்க" என்றார். தூக்கினான். சிரிக்கவும் செய்தான். பிரஹ்லாத்தும் அவன் நண்பர்களும் எதிரே நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் சீக்கிரம் நின்றால் தேவலை என்றிருந்தது.

படத்தில் யாமினி இல்லை. தேடிப் போனபோது பக்கத்து மைதானத்தின் வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். உள்ளே ப்ரோ ஆட்டம் தொடங்கியிருந்தது. ரெமிஜியஸ் பத்தடி பின்னாலேயே நின்றுவிட்டான். குறி தவறிய உருண்டை ஒன்று அவள் முகத்துக்கு நேரே வலையில் மோதி உடைந்தது. சுற்றி நின்றவர்கள் சட்டென்று பின்வாங்கினார்கள். அவள் நகரவில்லை. வலைக்கண்களில் வழிந்த சிவப்புக்கு ஊடே, விரல்களால் வலையைப் பற்றியபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.