தேய்ந்த காசில் ஒரு ராணி

ரோமாபுரியின் கடைசிக் காலத்து வெண்கலக் காசு என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மண்ணுக்குள் கிடந்து கிடந்து, பச்சைக் களிம்பேறி, முகம் மழுங்கிப்போயிருக்கும். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், ஜன்னலோர மேசையில், அப்படியொரு காசோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள் அவள். எந்தக் காசு எந்த வகை என்று இனம் கண்டு உறையில் போடுவது அவள் வேலை. குதிரைக்காரனை ஈட்டியால் குத்துகிற வீரன் கூடை கூடையாக வருவான். கைக்குழந்தைகளை ஏந்தி நிற்கிற ராணி அத்தி பூத்தாற்போலத்தான் வருவாள்.

இன்று அவள் கண்ணுக்கு ராணிதான் தெரிந்தாள். முக்காடு, வளைந்த கை, கைக்குள் சின்னதாய் ஓர் உருண்டைத் தலை. பார்க்கப் பார்க்க அந்தத் தலை மெல்லத் தோளில் சாய்வது போலக்கூட இருந்தது. விளக்கு வெளிச்சம் மேசையில் தண்ணீராய்த் தளும்பியது.

அந்த அறைக்குத் தலைவி அவளுடைய நாத்தனார்தான்.

"ஏண்டி, அதை இன்னும் எவ்வளவு நேரம் கொஞ்சுவே? சோறு ஊட்டப் போறியா?"

"ராணி காசு அண்ணி. பிள்ளையோட."

"ஊர்ப்பட்ட ராணியெல்லாம் உன் மேசைக்கே வர்றாளுகளே இந்த வாரம்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதற்கு இதயம் துடிக்கிறதா என்று இன்று மத்தியானம் ஸ்கேனில் பார்க்கப்போகிறார்கள். நாத்தனாருக்கும் அது தெரியும். குரலைத் தணித்துக்கொண்டு, "லைட்டை அந்தப் பக்கம் திருப்பிப் பாரு. ஒரே பக்க வெளிச்சத்துல நாம நினைக்கிறதுதான் தெரியும்" என்றாள்.

திருப்பினாள். நிழல்கள் இடம் மாறின. முக்காடு தலைக்கவசமானது, குழந்தையின் தலை கேடயமானது. கீழே, மடங்கிச் சரியும் ஒரு குதிரையின் கால். அதைப் பார்த்தபின் ராணியை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் வரவில்லை. உறையின் மேல் 'வீரன்' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டது.

"இன்னிக்கு ஒரு நாள் ராணின்னே விட்டிருக்கலாம் அண்ணி."

"விட்டிருக்கலாந்தான். நாளைக்கும் நீ இதே மேசைக்குத்தானேடி வரணும்?" நாத்தனார் பையைத் தோளில் மாட்டினாள். "கிளம்பு, நானும் வர்றேன்."

ஸ்கேன் அறை இருட்டாக, குளிர்ந்து கிடந்தது. டாக்டரம்மா கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்தார். திரை முழுக்கச் சாம்பல் நிறத் திட்டுகள். ஒரு வளைந்த கை வந்தது, ஒரு தலை வந்தது. வந்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள்.

"அண்ணி, உங்களுக்கு என்ன தெரியுது?"

"எனக்குக் கண்ணே தெரியலடி" என்றாள் நாத்தனார், அவள் பாதத்தை இறுகப் பிடித்தபடி. அந்தக் குரல் ஈரமாக இருந்தது.

டாக்டரம்மாவின் கை ஓரிடத்தில் நின்றது. திட்டுகளுக்கு நடுவே ஒரு புள்ளி மின்னியது, அடங்கியது. இன்னொரு தடவைக்காக, இமை கொட்டாமல், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.