பைய இழுத்தால் வரும்

ரிப்பன் கட்டிய புதுக் காருக்குள் ஏறியதும் அர்வாவின் மூக்குக்கு முதலில் மல்லிகை ஸ்ப்ரே வாசனைதான் வந்தது. கொஞ்சம் பிந்தி, அதற்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஏரலில் அவளுடைய துணிக்கடையில் எவ்வளவு பினாயில் ஊற்றியும் போகாமல் கிடந்ததே, அந்த வண்டல் வாடை.

வெளியே ஷோரூம் பையன் ஸ்ரீராகவ் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான்.

"பழம் வேண்டாம் தம்பி. நாங்க பிஸ்மி சொல்லி எடுத்துக்கிடுவோம்" என்றாள் அர்வாவின் உம்மா ஹமீது பீவி.

"எல்லா வண்டிக்கும் வைக்கதுதாம்மா. இல்லைன்னா மேனேஜர் ஏசுவாரு."

இந்தக் காருக்காக அர்வா பட்ட பாடு கொஞ்சமல்ல. திருநெல்வேலி டவுணில் மொத்தக் கடைகளில் துணி எடுத்து ஏரலுக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். நோன்பு தொடங்கப் போகிறது. வெள்ளத்தில் போன சரக்கை ஈடுகட்டப் பெருநாள் வியாபாரம் ஒன்றுதான் இருக்கிறது. ஷோரூமுக்குப் போன் போட்டபோதெல்லாம் வண்டி லாரியில் வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் லாரி மதுரையைத் தாண்டிவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் அதே லாரி சேலத்தில் நின்றது. பிறகு திடீரென்று, "உங்களுக்குன்னே ஒண்ணு ரெடியா இருக்கு மேடம்" என்று அவர்களே கூப்பிட்டார்கள்.

அர்வா சீட் பெல்ட்டைப் பிடித்து மெல்ல இழுக்கத் தொடங்கினாள்.

பெல்ட்டில் நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான். மிச்சம், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள், தரையை ஒட்டிய ஓர் உருளையில் சுற்றிக் கிடக்கும். வண்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே அந்த உருளை முங்கிவிடும். தண்ணீர் வடிந்தபின் இருக்கையைக் கழுவலாம், தரைவிரிப்பை மாற்றலாம், வாசனை அடிக்கலாம். உருளைக்குள் கிடப்பதை வெளியே எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆனால் பெல்ட்டும் நெய்த துணிதான். நனைந்த துணி காயும்போது, தண்ணீர் அழுக்கைத் தள்ளிக்கொண்டே போய், தான் காய்ந்து முடிகிற இடத்தில் விட்டுவிடும். அங்கே சேலைக்குக் கரை வைத்ததுபோல் ஒரு கோடு விழும். கடையில் அப்படிக் கோடு விழுந்த சேலைகளை அர்வா அடுக்கடுக்காகக் குப்பையில் போட்டிருக்கிறாள். எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை.

முதலில் பெல்ட் வழவழவென்று வந்தது. பிறகு விறைத்தது. இரண்டு ஓரங்களிலும் பழுப்புக் கோடு. விரலில் நறநறவென்று வண்டல்.

"தம்பி, இங்க வாங்க."

ஸ்ரீராகவ் வந்து அடுத்த இருக்கையின் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தான். அது பூட்டிக்கொண்டது. "இவ்வளவுதான் மேடம் வரும்."

வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் பெல்ட்டின் வேலை. வண்டி மோதும்போது ஆள் முன்னால் பாயாமல் பிடிக்கவேண்டுமே. உள்ளே இருக்கும் கொக்கி வேகத்துக்கு மட்டும் விழும். நிதானமாகப் போனால் பேசாமல் கிடக்கும்.

"பைய இழுங்க தம்பி, பைய. அதுக்கு உங்க மேல சந்தேகம் வராம இழுக்கணும்."

அந்தப் பெல்ட்டிலும் கோடு இருந்தது. அவன் மேனேஜர் தில்லைநாயகத்தைக் கூப்பிட ஓடினான்.

தில்லைநாயகம் சிரித்துக்கொண்டே வந்தார். "லாரியில வரும்போது மழையில நனைஞ்சிருக்கும் மேடம்."

"கண்ணாடி ஏத்தின வண்டிக்குள்ள, தூணுக்குள்ள, கீழ இருந்து மேல பெஞ்ச மழையா அண்ணாச்சி?"

"நம்ம ஷோரூம் மேட்டுல இருக்கு. வெள்ளம் இங்கன எட்டிக்கூடப் பாக்கல."

"ஷோரூம் மேடுதான். வண்டிகளை நிறுத்தி வைக்குத யார்டு எங்கன இருக்கு?"

அவர் சிரிப்பு நின்றது. யார்டு ஆற்றோரத்தில் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்பர் உங்க பேர்ல விழுந்தாச்சு. இனி இது உங்க வண்டிதான். பெருநாள் வியாபாரம் இருக்குன்னு சொன்னீங்கள்லா? இதை விட்டா மே மாசம் ஆயிரும், பாத்துக்கிடுங்க."

அது அவளுக்குச் சரியாகவே குத்தியது. காலி அலமாரிகள் நினைவுக்கு வந்தன. அதோடு பழைய காரும் நினைவுக்கு வந்தது. வெள்ளத்தில் முங்கிய அதுவும் காயவைத்தபின் சில நாள் நன்றாகத்தான் ஓடியது. வயருக்குள் நனைந்த செம்புக் கம்பி உடனே சாகாது. இணைப்புகளில் பச்சை பூத்து, தனக்கு இஷ்டப்பட்ட நாளில் சாகும். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், உம்மா பின்னால் உட்கார்ந்திருக்க, அந்தக் கார் நடுரோட்டில் அணைந்து நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் திருப்பியதால்தான் இருவரும் இன்று இருக்கிறார்கள்.

"நான் இன்னும் டெலிவரி கையெழுத்துப் போடல. சாவியும் வாங்கல" என்றாள். "வண்டி எடுக்கவங்களைப் போட்டோ எடுப்பீங்கள்லா? எடுங்க."

பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, கதவுக்கு வெளியே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹமீது பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகள் பக்கத்தில் போய் நின்றாள். "கோடு தெளிவா விழுதான்னு பாத்து எடு தம்பி."

ஸ்ரீராகவ் போனைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றான்.

"என்னம்மா அது?" முன்னால், வெளியே இறங்கும் ஒரே சரிவில் மாலையோடு நின்ற காரிலிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார். பாளையங்கோட்டை சாரம்மாள் டீச்சர். அவருக்கும் அன்று டெலிவரி. அர்வா சொன்னாள். டீச்சர் தன் காரின் பெல்ட்டைப் பைய இழுத்தார். ஷோரூமே அவர் கையைப் பார்த்தது. பெல்ட் அடிவரை வழவழவென்று வந்தது.

தில்லைநாயகம் மூச்சு விட்டார். "பாத்தீங்களா டீச்சர்? சுத்தம்."

"ஆமா, என் வண்டி சுத்தந்தான். இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லாம நான் இதை நகத்த மாட்டேன்." டீச்சர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

முகூர்த்த நாள். பின்னால் வரிசையாக வண்டிகள் காத்திருந்தன. அந்தக் கார்களுக்குள்ளும் ஒவ்வொருவராகப் பெல்ட்டை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். யாரோ வெடுக்கென்று இழுத்துவிட்டு, "வரலையே!" என்று கத்தினார். "பைய இழுக்கணுமாம்லே!" என்று இன்னொரு குரல் கேட்டது.

தில்லைநாயகம் அந்தக் குரல்கள் வந்த பக்கம் பார்த்தார். பிறகு காரின் முகப்பிலிருந்த ரிப்பனைத் தானே அவிழ்த்தார். "இந்த வண்டியை நாங்களே எடுத்துக்கிடுதோம் மேடம். நம்பரையும் நாங்களே ரத்து செய்யுதோம். வேற வண்டி வரும். ஆனா நாளாகும்."

"அதை எல்லார் முன்னாலயும் எழுதிக் கொடுங்க. வரப்போற வண்டியிலயும் எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் ஏறுவேன்."

எழுதிக் கொடுத்தார். வாசலில் டீச்சரின் கார் பழங்களை நசுக்கிக்கொண்டு இறங்கிப் போயிற்று. அர்வா திரும்பிப் பார்த்தபோது உம்மா குனிந்து, அவர்கள் காரின் சக்கரங்களுக்கு அடியிலிருந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் உம்மா எடுக்க?"

"நசுங்காத பழம்ட்டி. சர்பத்துக்கு ஆவும்."

"நாளைக்குத் துணி மூட்டையை எப்படிக் கொண்டு போகன்னு யோசிக்கேன்."

"ஏரல் பஸ்ஸுல போட்டுக் கொண்டு போவோம். அதுல இழுத்துப் பாக்க பெல்ட்டே கிடையாது."

இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.