மீதி இருபத்தொரு பேர்

ஆன்லின் கத்தரித்துக்கொண்டிருந்த படத்தில் கவர்னர் மேசை அகலத்துக்கு இருந்தார். முன்னூற்றெண்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் டெலவேர் ஆற்றங்கரையை ஆண்ட சுவீடன்காரர், யோஹான் பிரின்ட்ஸ். எட்டாம் வகுப்பு வரலாற்றுக்கு அவரைப் பற்றி அட்டை தயாரிக்க வேண்டும்.

சர்ச்சுக்குக் கட்டிய புடவையை மாற்றாமல் எதிரே உட்கார்ந்திருந்த ஜெயலீலா, மொபைலில் ஒரே வரியை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். ‘வான்மதி வற்புறுத்தியதால் கையெழுத்திட்டேன்.’

அவள் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில், எட்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றிருந்ததைப் புது டைரக்டர் பன்னிரண்டாக்கினார். முன்பு நிர்வகித்த இல்லத்தை இழுத்து மூடவைத்துவிட்டு வந்தவர். வேண்டாம் என்று அவளையும் சேர்த்து ஒன்பது பேர் கடிதம் கொடுத்தார்கள். எழுதியவள் வான்மதி. வெள்ளிக்கிழமை மதியம் வேலையை விட்டு நீக்கி, செக்யூரிட்டி அவளை வாசல்வரை நடத்திப் போனபோது, ஜெயலீலா மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று, எண்ணிவைத்த மாத்திரைகளையே மறுபடி எண்ணினாள். மற்ற எட்டுப் பேரும் திங்கட்கிழமைக்குள் அந்த ஒரு வரியை எழுதித் தர வேண்டுமாம்.

“அனுப்பிட்டியா?” கணவன் ஜெபதாஸ் அடுக்களையிலிருந்து கேட்டான். “கிரீன் கார்டு அவங்க மூலமாத்தான் அப்ளை பண்ணிருக்கோம், ஞாபகம் வச்சுக்கோ.”

அவள் மகளிடம் திரும்பினாள். “யாருடி இவரு, பெரிய வீரரா?”

ஆன்லின் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். ராணுவ அதிகாரியாம். ஜெர்மனியில் ஒரு நகரத்தை எதிரியிடம் ஒப்படைத்ததற்காகப் பதவியைப் பறித்தார்கள். இரண்டே வருடத்தில் பட்டம் கொடுத்து, இங்கே கவர்னராக அனுப்பினார்கள்.

“ஊரை விட்டுக்குடுத்தவனுக்கு கவர்னர் வேலையா?”

கடைசியில் குடியேறிகள் இருபத்திரண்டு பேர் குறைகளை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கலகம் என்றார் அவர். தலைவன் என்று ஒருவனுக்கு மரண தண்டனை.

“மீதி இருபத்தொரு பேரு?”

ஆன்லின் காகிதத்தைப் புரட்டினாள். “இட் டஸன்ட் ஸே.”

“அந்தக் கவர்னருக்கு என்ன ஆச்சு?”

“ஹீ வென்ட் ஹோம். அங்கயும் கவர்னர் ஆனார்.”

ஜெயலீலாவுக்குக் காது சுட்டது. “அதை எழுது. மரண தண்டனை, கையெழுத்து, எல்லாம் பெருசா எழுது!”

“அம்மா, டாபிக் லீடர்ஷிப்.”

“எழுதுடின்னா எழுது!”

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஜெபதாஸ் ஓடி வந்தான். “புள்ளைகிட்ட ஏன் கத்துற?”

“வேற யாருகிட்டயும் கத்தத் தைரியமில்ல. அதான்.”

அடித்த வரியை அழித்தாள். ‘யாரும் வற்புறுத்தவில்லை. நானாகவே கையெழுத்திட்டேன்’ என்று அடித்து, அனுப்பியும் விட்டாள். திரையைக் காட்டியபோது ஜெபதாஸின் முகம் வெளுத்தது.

“கிரீன் கார்டுக்கு ஒன்பது வருஷமா காத்திருக்கோம், லீலா,” என்றான்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வெளியேறினாள். வழி நெடுக ஸ்டியரிங்கை உள்ளங்கையால் குத்தினாள். யார் மேல் கோபம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

வான்மதி கதவைத் திறந்தாள். உள்சங்கிலியை எடுக்கவில்லை.

“நான் எழுதி அனுப்பிட்டேன், வான்மதி. உண்மைய.”

“வெள்ளிக்கிழமை நான் உங்களத் திரும்பிப் பாத்தேன்க்கா.”

“தெரியும்.”

உள்ளே குக்கர் விசில் அடித்தது. வான்மதி அடுப்பை அணைக்கப் போனாள். கதவைச் சாத்தவுமில்லை, திறக்கவுமில்லை. நாலு விரல் இடைவெளியில் அந்தச் சங்கிலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.