எழுபத்தைந்தாம் எண்

இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. நிஷிமோரி. அகி என்ற ஊரில் முடிதிருத்தகம் வைத்திருப்பவன். என்னைவிட ஆறு வயது இளையவன். நான் குடிநீர் நிலையத்தில் இறைப்பான்களைக் கவனிப்பவன். எங்களை இணைத்தது ஒன்றுதான். விடியலுக்கு முன் எழுந்து, ஆளுக்கொரு பெரிய இரட்டைக்குழல் தொலைநோக்கியில், யாரும் இதுவரை பார்க்காத ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடுவோம். அவன் பதினோரு வருடமாக. நான் பதினான்கு.

"அண்ணே, மாட்டிக்கிச்சு" என்றான்.

"என்னது?"

"என்னதா? இத்தனை வருஷமா என்ன, மீனா புடிச்சிட்டிருந்தோம்? வால்நட்சத்திரம்ணே! நாப்பது நிமிஷம் பாத்தேன், நல்லா நகருது. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி போகும்போல. டோக்கியோ வானாய்வகத்துக்குத் தந்தி குடுத்துட்டேன். கையெல்லாம் உதறுது. ஒன்பது மணிக்கு ஊராட்சித் தலைவர் முடிவெட்ட வர்றாரு, காது தப்பிச்சா அவரு புண்ணியம்."

சிரித்தேன். அவனுக்காக உண்மையாகவே மகிழ்ந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"தனுசு ராசி ஓரத்துல. நம்ம எழுபத்தஞ்சு இருக்குல்ல, அதுக்கு ரெண்டு டிகிரி கீழ."

என் கண் குறிப்பேட்டைத் தேடியது. அவன் இரண்டு முறை "அண்ணே?" என்றான். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

எழுபத்தைந்து என்பது ஒரு கோள்வடிவ விண்மீன் கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்டு நிற்பது. எங்கள் கருவிகளில் அது சின்னப் பஞ்சுத் துகளாகத்தான் தெரியும். வால் முளைக்காத வால்நட்சத்திரமும் அதே பஞ்சுத் துகள்தான். இருநூறு வருடங்களுக்கு முன் எங்களைப்போல வால்நட்சத்திரம் தேடிய ஒரு பிரெஞ்சுக்காரர், திரும்பத் திரும்ப ஏமாந்துபோய், ஏமாற்றுகிற துகள்களுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியல் எழுதிவைத்தார். அந்தப் பட்டியல் எங்களுக்கு மனப்பாடம். துகள் தெரிந்ததும் வாய் எண்ணைச் சொல்லும், கை கருவியை நகர்த்திவிடும். வேண்டாதவற்றின் பட்டியல் அது. நான் அப்படித்தான் அவற்றைப் பழகியிருந்தேன்.

குறிப்பேட்டை எடுத்தேன். முந்தைய நாள் காலை. பென்சில் எழுத்து, என் எழுத்து: "4.32. எழுபத்தைந்து. பிரகாசம் எட்டரை." பக்கத்தில் சிறு வரைபடம். அதன்கீழ் இன்னொரு வரி: "அருகே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக. இதற்குமுன் கவனித்ததில்லை."

கவனித்ததில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். அடிவானத்திலிருந்து மேலே பட்டை பட்டையாகத் துழாவிக்கொண்டு வருவதுதான் முறை. அந்தத் துகளுக்குப் பிறகு கண்குழலில் நெற்றியை வைத்தபடியே ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ தூங்கிப்போனேன். விழித்தபோது கருவியைத் தோராயமாக உயர்த்திவிட்டுத் தொடர்ந்தேன். உண்மையான எழுபத்தைந்து நான் விட்டுவிட்ட பட்டையில் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது துகளைப் பார்த்திருந்தால் முதலாவது எது என்று கேட்டிருப்பேன்.

விண்மீன் வரைபடத்தை விரித்து அளந்தேன். மூன்று நட்சத்திரங்களின் வரிசை, எழுபத்தைந்துக்கு ஏறக்குறைய மூன்று டிகிரி கீழே இருந்தது. நிஷிமோரிக்கு ஒரு நாள் முன்பே அவனுடைய வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி ஹட்சுயே சோற்றுக் கிண்ணத்தையும் மிசோ சாற்றையும் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடாததால் அது ஆறியது. பிறகு, "யாருக்கு என்ன?" என்றாள். சொன்னேன்.

"நிஷிமோரிக்கா? அந்த மனுஷன் என் முடியை வெட்டினா ரெண்டு பக்கமும் சமமா வராது. அவருக்கா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குறிப்பேட்டைக் காட்டினேன். அவளுக்கு எழுபத்தைந்து தெரியும். பதினான்கு வருடம் கேட்டிருக்கிறாள்.

நிஷிமோரி மறுபடியும் கூப்பிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவன் கடையில் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். மீன்சந்தை நிலவரம் முழுவதையும் கேட்டேன்.

"அண்ணே" என்றான் கடைசியில். "பென்சில்லதான எழுதுறீங்க?"

"ஆமா."

"அப்ப அந்த நம்பரை அழிங்க. இன்னும் அறிவிப்பு வரல. மூணு பேரு வரைக்கும் பேரு போடுவாங்க. உங்க தந்தி இன்னிக்குப் போச்சுன்னா, தேதி முந்தினதால உங்க பேருதான் முதல்ல. கதோவாக்கி–நிஷிமோரி. நல்லாத்தான இருக்கு?"

"உனக்கு?"

"எனக்கு என்ன, ரெண்டாவதா இருந்துட்டுப் போறேன். நீங்க பாத்தது நெசந்தான? பொய்யா சொல்றீங்க?" என்றான். "சீக்கிரம் முடிவு பண்ணுங்கண்ணே. நான் மனசு மாறுறதுக்குள்ள."

அது பாதி வேடிக்கைதான். மறு பாதியும் எனக்குக் கேட்டது.

ஹட்சுயே மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். ஒன்று கண்டுபிடித்தால் நிறுத்திவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பதினான்கு குளிர்காலம் அவள் தனியாகப் படுத்திருக்கிறாள். எனக்கும் ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது. முழங்கால் படி ஏற மறுக்கிறது. உண்மையைச் சொன்னால், புகழைவிட அந்த நிறுத்தம்தான் எனக்கு வேண்டியிருந்தது. பெயர் கிடைத்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். ஒரு எண்ணை அழித்தால் போதும்.

"அழிச்சா அழிங்க" என்றாள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சொல்லேன்."

"தூங்குங்கன்னுதான் எப்பவும் சொல்றேன். நீங்க தூங்கிட்டே பாத்ததுக்குப் பேரு குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

குறும்பாகச் சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா, தெரியவில்லை. அழிப்பானைக் கையில் எடுத்தேன். எடுத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த எண்ணை அழிக்கலாம். அதன்கீழே இருந்த வரியைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. கவனித்ததில்லை என்று எழுதியவன், அதன்பிறகும் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டது எனக்கு. கண்டுபிடித்தவன் அவன்.

தொலைபேசியில் தந்தி அலுவலகத்தை அழைத்தேன். இளம்பெண் குரல். ஆய்வகத்தின் முகவரியைச் சொல்லி, தேதி, நேரம், இடம், பிரகாசம் எல்லாம் சொன்னேன்.

"கடைசியா, 'எழுபத்தைந்து எனத் தவறாகக் கருதினேன்' அப்படின்னு போடுங்க."

"தவறாக, அப்படிங்களா?"

"ஆமா. தவறாக."

"சார், அந்த வார்த்தையை எடுத்துட்டா கட்டணம் குறையும்."

"தெரியுது. இருக்கட்டும்."

வால்நட்சத்திரம் நிஷிமோரியின் பெயரில் வந்தது. பாதையைக் கணக்கிட்டவர்கள் என் இடக்குறிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் முந்திய புள்ளி அவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. எங்கள் வானியல் ஆர்வலர் சங்கத்தின் சுற்றறிக்கையில், என் பெயர் சேராததன் காரணமும் அச்சானது. எழுபத்தைந்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் வானம் தெளிந்த ஒரு நாள் எழுந்தேன். ஹட்சுயே விழித்திருக்கிறாள் என்று அவள் மூச்சிலிருந்து தெரிந்தது. தன் கழுத்துத் துணியை எடுத்து நீட்டினாள்.

அடிவானத்திலிருந்து துழாவவில்லை. நேராக எழுபத்தைந்துக்குப் போனேன். அறுபதாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், நம் சூரியன் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். பதினான்கு வருடத்தில் எத்தனையோ முறை அதைக் கடந்திருப்பேன், ஒவ்வொரு முறையும் சில நொடிகள். இப்போது ஒரு நட்சத்திரத்தையாவது தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றேன். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெல்லக் கரையும் வெளிச்சம். என் கருவிக்கு அது பிரியாது, மிக நெருக்கமானது. கண்ணை லேசாக ஒதுக்கி ஓரப்பார்வையில் பார்த்தபோது விளிம்பில் மணல்போல ஏதோ மின்னியது. நட்சத்திரமாக இருக்கலாம். கண்ணின் களைப்பாகவும் இருக்கலாம். கடல் பக்கம் வெளுக்கத் தொடங்கும்வரை கருவியை நகர்த்தவில்லை.