ஹெட்மாஸ்டர் வரப்போகிற வீடு

சிகரெட்டை விட்டாயிற்று என்று அவர் அறிவித்தபோது டீச்சர் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்தது பேச்சைவிடப் புகைதான் அதிகம். அவளும் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒரு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயும் பார்த்தாள். அதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர், இப்போது ஒரு கிளிக்காக விட்டிருக்கிறார்.

கிளி அவர்கள் மகளுடையது. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், உச்சியில் ஒரு கொண்டை. கொண்டையைத் தூக்கிக்கொண்டு அது கூண்டுக்குள் நடக்கிற தோரணையைப் பார்த்து ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு வேலை மாற்றம். போகிற ஊர் விடுதியில் பறவைக்கு அனுமதியில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் பறவை டாக்டரிடம் அப்பாவையும் அழைத்துப் போயிருந்தாள். புகை பட்டால் பிழைக்காது, சுவரில் படிந்த வாடைகூட ஆகாது என்று அந்த டாக்டர் சொல்ல, மனுஷர் ஆடிப்போய்த் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து வீடு இரண்டுபட்டது. ஜன்னலுக்கு வலை அடித்தார். கிளி தன்னையே பார்த்து முட்டிக்கொள்ளுமாம், நிலைக்கண்ணாடிக்குத் துணி போர்த்தினார். யாராவது மறதியாக மின்விசிறியைப் போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சுக்கு டேப் ஒட்டினார். நான்ஸ்டிக் சட்டி சூடேறினால் அந்தப் புகையும் ஆகாதாம், அது பக்கத்து வீட்டுக்குப் போனது. கொசுவத்திச் சுருள் குப்பைக்குப் போனது. மருமகன் வந்தால்கூட இப்படி வீட்டை ஒதுங்க வைக்கமாட்டாரே என்று டீச்சர் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். சிரித்தால் இருமல் வரும். அதனால் அளவாகச் சிரித்தாள்.

அந்த இருமலால்தான் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டது. கணக்கு டீச்சர். ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் "மிஸ், கேக்கல" என்றார்கள். மறு வருஷம் நடு பெஞ்சுக்கே குரல் எட்டவில்லை. கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நுரையீரல் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?" என்பதுதான். "நான் இல்லீங்க" என்றாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் செய்த பெரிய தியாகம், ஜன்னலோரம் போய் நின்று பிடித்தது.

சனிக்கிழமை காலை ஹால் சுவரைக் கழுவ ஆரம்பித்தார். ஸ்டூல்மேல் ஏறி, வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து, துணியால் அழுத்தித் தேய்த்தார். பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அடியில் வெள்ளை தெரிந்தது.

"டீச்சர், இங்க வந்து பாரேன்! டீத்தண்ணி மாதிரி எறங்குது. இவ்வளவும் சுவத்துலயா இருந்துச்சு?"

அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவள் வந்து பார்த்தாள். அவர் குரலில் இருந்த குஷிதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"சுவத்துல மட்டுமா இருந்துச்சு?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இந்த வாடைகூடவா அதுக்கு ஆகாது?"

"அதுக்கு நுரையீரல் இத்துனூண்டு, டீச்சர். தாங்காதாம். டாக்டரே சொல்றாரு."

"என்னுது பெருசு, தாங்கும்னு நெனச்சீங்களா?"

தேய்த்த கை அப்படியே நின்றது. "நான்தான் குறைச்சுக்கிட்டேனே..." என்று ஆரம்பித்தார். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஒழுகியது.

டீச்சர் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கைக்கு அடக்கமான ஒரு பறவைமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்த மனுஷரால் விட முடியும்! முடியாது என்று நம்பித்தான் இத்தனை காலமும் அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவர் என்ன செய்வார், பழகிப்போச்சு என்று அக்காவிடம்கூட விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறாள்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பா இன்னைக்கு எல்லாம் முடிச்சிடுவாராமே? நாளைக்குக் காலையிலயே கொண்டு வந்துடட்டா?"

"வேண்டாம்மா. வீடு இன்னும் தயாராகல."

"ஹால் இன்னைக்கு முடிஞ்சிடும்னாரே. கூண்டு ஹால்லதானம்மா இருக்கப்போகுது?"

"ஹால் முடிஞ்சிடும். நான் படுக்கிற ரூம் முடியல."

"ஹெட்மாஸ்டர் அங்கெல்லாம் வராதும்மா" என்ற மகள், சொன்னபிறகுதான் தான் சொன்னதைக் கேட்டாள் போலிருக்கிறது. பிறகு, "சரிம்மா. தோழி வீட்டுல ஒரு வாரம் வெச்சுக்கறேன்" என்றாள்.

ஹாலில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. அவர் வாளியோடு வந்து அறை வாசலில் நின்றார். அவள் எழுந்து வழிவிட்டாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டார். தலைமாட்டுச் சுவர், ஹாலைவிடக் கறுத்துக் கிடந்தது. படுத்துக்கொண்டே பிடித்த காலமெல்லாம் அங்கே இருந்தது. துவைக்கப் போடலாமென்று அவள் தலையணையின் உறையைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ, அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார்.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் வேலையை விட்ட அன்று இவர் இப்படி உட்கார்ந்திருந்தால் கூடவே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

"இப்பக் கழுவினா உனக்குச் சரியாயிடுமா?" என்று நிமிராமல் கேட்டார்.

"ஆகாது" என்றாள். "கழுவுங்க."