மூன்றே மூன்றை வெட்டினேன்

கூடையில் நாற்பது காளானுக்குக் குறையாமல் இருந்தன. நான் வெட்டிப் பார்த்தது மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் சொல்லாமல் இருந்து பட்டது போதும்.

ஜப்பானில், யமகதாவில் எங்கள் ஊர்க் காளான் சங்கத்தில் படித்த நிபுணர் என்று ஒருவரும் கிடையாது. தலைவர் ஷிதா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னோ என்கிற நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மலையேறுவோம், கிடைத்ததைப் பரப்பிவைத்துப் பெயர் கண்டுபிடிப்போம், கண்டுபிடிக்க முடியாததற்குச் சண்டை போடுவோம். அக்டோபரில் ஒருநாள் மட்டும் ஊர் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, யார் எதைப் பறித்துவந்தாலும் இது தின்னலாம், இது கூடாது என்று சொல்லி அனுப்புவோம். யார் பார்த்துச் சொன்னது என்று எழுதிவைக்கும் வழக்கம் இல்லை. எழுதிவைத்தால் மேசையில் உட்கார ஆள் கிடைக்காது.

அன்று காலை ஷிதாவே திணறிப்போன ஒரு பொடிக் காளானுக்கு நான் பட்டென்று பெயர் சொன்னேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று எல்லார் முன்னாலும் எனக்குத் தலை வணங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் இருந்தபோதுதான் ஒசேகி கூடையோடு என் மேசைக்கு வந்தார். மர ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வரிசையில் அவரவர் கண் அவரவர் கூடைமேல், மற்ற மேசைகளிலும் அவரவர் கூட்டம் அவரவருக்கு.

கூடை நிறைய உரிகாளான். பட்டுப்போன புனா மரத்தில் அடுக்கடுக்காக வரும். தோல் சுலபமாக உரியும், சூப்பில் போட்டால் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கும். அதே மரத்தில், சில சமயம் அதே அடுக்கில், நிலாக்காளானும் வரும். அது விஷம். மேலே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காம்போடு சேர்த்து நெடுக வெட்டினால்தான் நிலாக்காளானுக்குள் இருக்கும் கறுப்புக் கறை தெரியும். அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரே மரம், ஒரே கூடை என்று பொதுவாகப் பார்த்துச் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றையும் வெட்டவேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

மேலே கிடந்த மூன்றை வெட்டினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தன. மீதியைக் கையால் அளைந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மரமா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

"உரிகாளான்தான், பயப்படாம சாப்பிடுங்க. டோஃபு போட்டு மிசோ சூப் வைங்க. வீட்ல இன்னொரு கிண்ணம் கேப்பாங்க பாருங்க," என்றேன்.

வீட்டில் இன்னொரு கிண்ணம் கேட்டுத்தான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கண்ணாடி வாங்க வந்த ஒரு பெண், ஒசேகி வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற கதையைச் சொன்னாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாம். கடை முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒசேகி கையில் டிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தொமியே பெண்கள் பக்கத்தில் படுத்திருந்தார்; இரண்டு கிண்ணம் குடித்த அவருக்குத்தான் அதிகம், கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஒசேகி முந்திக்கொண்டார்.

"சுகாதார நிலையத்துலேர்ந்து வந்து கேட்டாங்க. யாருகிட்டயும் காட்டல, நானே பாத்துச் சமைச்சேன்னு சொல்லிட்டேன். தொமியேகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உங்க பேரு வெளிய வந்தா அடுத்த வருஷம் மண்டபம் குடுக்கமாட்டாங்க, கன்னோ-சான். ஊர்ல பாதிப் பேரு உங்ககிட்ட காட்டிட்டுத்தான் சாப்பிடறாங்க. விட்டுடுங்க."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நான் மறுத்திருக்கவேண்டும். மூன்று முறை தலை குனிந்து வணங்கிவிட்டு, பேரிக்காயை வைத்துவிட்டு வந்தேன். ஊர் நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் என் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

யாரிடமும் காட்டாமல் தானே முடிவு செய்து சமைத்த முதியவர் என்று பத்திரிகையில் போட்டார்கள். வருஷக் கடைசி விருந்தில் ஷிதா அதை உரக்க வாசித்தார். மண்டபம் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை, அதற்குக்கூட ஒரு மனிதனுக்குச் சோம்பலா என்று யாரோ கேட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து, வெட்டிப் பார்க்காமல் எவராவது காளானைக் கூடையில் போட்டால் "ஒசேகி வேலை பண்ணாதே" என்று சொல்வது சங்கத்தில் பழக்கமாகிவிட்டது. வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் நானும் அதைச் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எல்லாரும் சொல்வதை நான் மட்டும் சொல்லாமலிருந்தால் சந்தேகம் வருமோ என்று யோசித்துத்தான் சொன்னேன்.

நாலு தடவை அவர்கள் தெருவரை போயிருக்கிறேன். ஒரு தடவை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒசேகி எட்டிப் பார்த்ததும், கையிலிருந்த கண்ணாடிக் கடைத் தள்ளுபடிச் சீட்டை நீட்டிவிட்டு வந்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இந்த அக்டோபரில் மறுபடி மண்டபத்தில் மேசை போட்டோம். கடைசிக் கூடையும் போய், நாங்கள் கத்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொமியே வந்தார். கையில் காளான் இல்லை. அவருக்குப் பின்னால் ஒசேகி, தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொமியே நேராக என் மேசைக்கு வந்து வணங்கினார். இவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மலைக்குப் போகாமல் இவரால் இருக்கமுடியாது, யாராவது கூட இருந்து இவர் பறிப்பதைப் பார்க்கட்டும், எவ்வளவு திட்டினாலும் பரவாயில்லை என்றார். சங்கத்திலேயே ரொம்பக் கவனமான ஆள் நான்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.

"ஒரு வருஷமா இவர அடுப்பங்கரைப் பக்கமே விடல நான்," என்றார். "செந்தாய் நகரத்துலேர்ந்து எங்க பொண்ணு வந்தா, பேத்திக்குச் சாப்பாட்ட டப்பாவுல கட்டி எடுத்துட்டு வர்றா. எங்க வீட்டுத் தண்ணியக்கூடக் குடுக்கமாட்டா. உங்கள மாதிரி ஆளுங்க ஊருக்குள்ள இருக்கீங்க. வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

ஒசேகி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார். அதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை.

"கேட்டாருங்க," என்றேன். "எங்கிட்டதான் காட்டுனாரு. இதே எடத்துல. நான் மூணே மூணத்தான் வெட்டிப் பாத்தேன். சாப்பிடுங்கன்னு சொன்னது நான்தான்."

ஷிதா கையிலிருந்த கத்தியை மேசைமேல் வைத்தார். தொமியே புருஷன் பக்கம் திரும்பி, நிஜமா என்று கேட்டார். அவர் மறுபடி காலுறையைப் பார்க்கக் குனிந்துகொண்டார். நான் தரையில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்தினேன்.  தொமியே கோபமே இல்லாத குரலில் பேசினார், அதுதான் கொடுமை.

"காளான்ல ஏமாறாத ஆளு இந்த மலையில யாரு இருக்கா? அத நான் அப்பவே விட்டிருப்பேன். எந்திரிங்க. எனக்கு இந்தக் கும்பிடு வேண்டாம்."

பையிலிருந்து ஃபோனை எடுத்து, எதையோ அழுத்தி, என் கையில் கொடுத்தார். மகளுக்குப் போட்டிருந்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, அப்பா திரும்பவும் மலைக்குப் போயிட்டாரா?" என்று கேட்டாள்.

என் பெயரைச் சொன்னேன். என்ன செய்தேன் என்று சொன்னேன். உங்கள் அப்பா பொய் சொன்னது எனக்காக, நான் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் எனக்காக என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. 

"அப்பா பக்கத்துல இருந்தா குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். ஒசேகி ஃபோனை இரண்டு கையாலும் காதில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. தொமியே போய் அவர் முதுகில் கை வைத்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.