ரூபினி பெயரில் ஒரு புல்வெட்டி

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி ஆசிரியையாக இருந்த பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். அவளைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். இரண்டு மாதம் முயன்றேன். கணினியைத் திறந்து ‘ரூபினி’ என்று எழுதுவேன். அதற்கு மேல் வராது. வராத நேரத்தில், ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுத வந்தது. மலர்க் குழுவினர் மன்னிக்கவும். இது நீங்கள் கேட்ட பக்கம் அல்ல.

‘நான்’ என்று எழுதினால் மூன்றாவது வரியில் கை நின்றுவிடுகிறது. ஆகவே தனேஷ் என்று ஒருவனை உண்டாக்கினேன். வயது முப்பத்து நான்கு. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் தனியாக இருக்கிறான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பொறியாளர். புதுக் கருவிகளைச் சூட்டிலும் ஈரத்திலும் போட்டு, எப்போது பழுதாகின்றன என்று பார்ப்பது அவன் வேலை. வேலை என்னுடையது. வீடும் என்னுடையது. மனைவியின் பெயரையாவது மாற்றலாம் என்று மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்தேன். மூவரும் யாரோ போல் இருந்தார்கள். ரூபினி ரூபினியாகவே இருக்கட்டும்.

அவள் எப்படி இறந்தாள் என்பதற்கு ஒரு வரிதான் தருவேன். ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி ஆசிரியர் அறையில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, முப்பத்தொன்றாம் வயதில்.

2

முதல் தொடக்கம்: “மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில், தனேஷ்—”

வேண்டாம். யாராவது செத்துப்போனால் என் கதைகளில் உடனே மழை வந்துவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: “காற்றில் அலையும் புல்லைப் பார்த்தபோது அவனுக்கு ரூபினியின் நீண்ட கூந்தல்—”

ரூபினிக்குக் குட்டை முடி.

மூன்றாவது: “நீடித்து உழைக்கும், விலையும் கட்டுப்படியாகும் புல்வெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?” தனேஷ் உண்மையில் கேட்ட கேள்வி இதுதான். அழகில்லை. ஆனால் பொய்யில்லை. இங்கிருந்தே போவோம்.

3

ரூபினியின் சக ஆசிரியர்களும் தோழிகளும் அவள் நினைவாகப் பதினோராயிரம் வெள்ளிப் பணம் சேர்த்தார்கள். பள்ளிக்கு என்ன வாங்கலாம் என்று தனேஷைக் கேட்டார்கள். புத்தக அலமாரி என்றார் ஒருவர். குளிர்நீர் இயந்திரம் என்றார் இன்னொருவர். அவன் புல்வெட்டி என்றான். துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

உளறவில்லை. பள்ளி நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. திடல் மட்டும் இரண்டு ஏக்கர். சந்திரிகா அக்கா என்ற ஊழியர் தோளில் மாட்டும் இயந்திரத்தால் அதை வெட்டுகிறார். மூன்று நாள் ஆகும். கடைசி மூலைக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலையில் மறுபடி வளர்ந்திருக்கும். அந்தத் திடலில்தான் ரூபினி வலைப்பந்துக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தாள். பாதி நேரம் பந்து தேடுவதிலேயே போகிறது என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

இயந்திரத்தில் ‘அமரர் ரூபினி நினைவாக’ என்று ஒரு தகடு பொருத்துவோம் என்றார்கள். சரி என்றான். தகடும் செய்து கொடுத்துவிட்டார்கள். அன்று பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஏற்கெனவே ஒரு குளிர்நீர் இயந்திரம் இருப்பதைப் பார்த்தான். யாரோ தம் தந்தையின் நினைவாகக் கொடுத்தது. அந்தப் பெரியவரின் படம் முன்னால் ஒட்டியிருந்தது. படத்தின் மேல் ஒரு தாள். தாளில் ‘ரோசாக்’. பழுது என்று மலாயில் எழுதி, அவர் முகத்தின் மூக்குக்குக் கீழே வரை மறைத்து, நாடா போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து அவனுக்கு ஒரே நிபந்தனைதான். இந்த இயந்திரம் பழுதாகக்கூடாது.

(தரச் சோதனை செய்கிறவன் ‘பழுதாகக்கூடாது’ என்று சொல்லமாட்டான். ‘எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு’ என்றுதான் கேட்பான். தனேஷ் அதை மறந்திருந்தான். இந்தப் பத்தியை எழுதும் வரை நானும் மறந்திருந்தேன்.)

4

இனி ஒரு சிறு கட்டுரை. கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் தாண்டிப் போகலாம்.

குதிரைத்திறனைப் பார்த்து மயங்கக்கூடாது. கத்திகளை மூடியிருக்கும் இரும்புத் தட்டு எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் புல் ஈரமாகவே இருக்கும். ஈரப் புல் தட்டுக்கு அடியில் அப்பிக்கொள்ளும், தட்டு துருப்பிடிக்கும். மெல்லிய தகரம் மூன்று மழைக்காலம்கூடத் தாங்காது. முன்பக்க அச்சு வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. உட்காரும் இடத்து மெத்தை எப்படி இருந்தாலும் பரவாயில்லை.* விலை குறைந்த புதியதைவிட, நன்றாகச் சீர்செய்த பழையது மேல். முக்கியமாக, ஓட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

*இதை எழுதியபோது தனேஷுக்கு இருக்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தனேஷ் ஓட்டிப் பார்த்தான். பட்டர்வொர்த்தில் ஒன்று. மேடு பள்ளத்தில் ஏறியதும் இயந்திரம் நின்றது. ஜூருவில் ஒன்று. அதுவும் நின்றது. குறிப்பேட்டில் இரண்டு முறையும் ஒரே சொற்களை எழுதினான்: ‘ஓட்டத்தில் நின்றது. நிராகரிப்பு.’ தகடு காரின் பின்பெட்டியிலேயே கிடந்தது.

5

இடையில், ரூபினியை உயிரோடு வைத்து ஒரு வரைவு எழுதினேன்.

“என்ன பாக்குறீங்க இவ்ளோ நேரமா?”

“புல்லு வெட்டுற மெஷின்.”

“பதினோராவது மாடியில எங்க லா புல்லு இருக்கு?”

அவ்வளவுதான். அவள் இருந்தால் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. கதை மூன்றாவது வரியிலேயே முடிந்துவிடுகிறது. எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வரைவு இதுதான். பயன்படுத்த முடியாது. ஆனாலும் கோப்பை அழிக்கவில்லை.

6

மூன்றாவது இயந்திரம் ஜோர்ஜ் டவுனில் கிடைத்தது. ஜாலான் பேராக் சாலைப் பக்கம் ஒரு கடை. ஹபீப் முகம்மது என்று பலகையில் பெயர் இருந்தாலும், கடையை நடத்துவது அவருடைய மகள் ஷாஹிராதான். வயது முப்பதுக்குள் இருக்கும். தலைத்துணியில் பென்சில் செருகியிருந்தாள். தனேஷ் இயந்திரத்தின் அடியில் படுத்து, கைபேசி வெளிச்சத்தில் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் அவள் பொறுத்தாள்.

“அண்ணே, நீங்க பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க லா. புல்லு வெட்டுற மெஷின் ரும்புட் தானே இது?”

“முன் அச்சு வார்ப்பிரும்பா?” என்றான் அடியிலிருந்து.

“வார்ப்பிரும்புதான். ஜப்பான்ல இருந்து வந்தது. எங்க அத்தா முழுசா பிரிச்சு மாட்டினாங்க.”

“பழுதாகாதா?”

“பழுதாகாத மெஷின் வேணும்னா ஓட்டாம வெச்சுக்குங்க.” பென்சிலை எடுத்து மறுபடி செருகினாள். “பெல்ட்டு, கத்தி, பேரிங், எல்லாம் பிறையில உள்ள எங்க ஸ்டோர்ல இருக்கு. ஒரு ஃபோன் கால் அடிச்சா மறுநாள் லாரில வந்துரும். அத கேளுங்க அண்ணே. எல்லாரும் வந்து பழுதாகுமா பழுதாகுமான்னே கேக்குறாங்க.”

அவன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. திடலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு என்றான். சனிக்கிழமை லாரியில் கொண்டுவருவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

7

சனிக்கிழமை காலை. (வெயில். சத்தியமாக வெயில்.)

லாரியிலிருந்து இறங்கிய இயந்திரத்தைச் சந்திரிகா அக்கா இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். ரப்பர்க் காலணி, தலையில் துண்டு, ஆளும் நல்ல திடம். தனேஷ் ஏறி உட்கார்ந்தான். முதல் இருபது மீட்டர் சீராகப் போனது. கோல் கம்பத்தருகே தரை கரடுமுரடாக இருந்தது. அங்கே நின்றது. மறுபடி கிளப்பினான். நான்கடி போய் நின்றது.

குறிப்பேட்டை எடுத்தான்.

“என்னண்ணே எழுதுறீங்க?” ஷாஹிரா ஓடிவந்தாள். “காலைல நான்தான் ஓட்டி லாரில ஏத்துனேன். நல்லா ஓடுச்சு!”

“மூணாவது மெஷின். இதுவும் நிக்குது.”

“மத்த ரெண்டும் இதே மாதிரியா நின்னுச்சு?”

“இதே மாதிரிதான். மேடு பள்ளத்துல.”

“நவுருங்க தம்பி,” என்றார் சந்திரிகா அக்கா. “நா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்.”

போனார். கோல் கம்பத்தருகே குலுங்கினார், துண்டு பறந்தது, இயந்திரம் நிற்கவில்லை. வலைப்பந்துக் கோட்டைத் தாண்டி, வேலியோரமாகத் திரும்பி, வெட்டிய புல்லைப் பக்கவாட்டில் வீசிக்கொண்டே வந்தார். பாதி வழியிலேயே கத்தத் தொடங்கிவிட்டார்.

“எனக்கு நிக்கல லா! நீங்க ஏறுனாதான் இதுக்குக் கோவம் வருது!”

ஷாஹிராவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இருக்கையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு சிறிய கறுப்புப் பொத்தான்.

“சீட் சுவிட்ச். ஓட்டுறவங்க கீழ விழுந்துட்டா கத்தி நிக்கணும்ல, அதுக்குத்தான். வெயிட்டு இல்லன்னா ஆள் இல்லன்னு நெனச்சு ஆஃப் ஆயிடும்.” அவனை மேலும் கீழும் பார்த்தாள். “அண்ணே, நீங்க எத்தன கிலோ?”

அவனுக்குத் தெரியவில்லை.

“நானே பாத்துட்டுதான் இருக்கேன்,” என்றார் சந்திரிகா அக்கா. “டீச்சர் இருந்தப்ப இப்படியா இருந்தீங்க? வெறும் சட்ட மட்டும் வந்து நிக்குது. அதுவும் சீட்டு நுனியில ஒக்காந்தா மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

‘டீச்சர்’ என்ற சொல் ஷாஹிராவின் முகத்தில் போய் விழுந்ததைத் தனேஷ் பார்த்தான். பொண்ணு பார்ப்பது பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் பென்சிலை எடுத்தாள். எங்கே செருகுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

தனேஷ் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் முதல் நாளே சொல்வது ஒன்று உண்டு: மூன்று கருவிகளில் ஒரே குறை வந்தால் கருவியைப் பார்க்காதே, சோதிக்கிறவனைப் பார். ஆக, பட்டர்வொர்த்தில் இருந்தது நல்ல இயந்திரம். ஜூருவில் இருந்ததும் நல்ல இயந்திரம்.

முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அது நிற்க வெகு நேரம் ஆனது.

“வயர் போட்டு சுவிட்ச கட் பண்ணிடலாம் அண்ணே,” என்றாள் ஷாஹிரா தயங்கி. “நெறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.”

“வேணாம்!” என்றார் சந்திரிகா அக்கா. “நா விழுந்தா இது பாட்டுக்கு என்ன விட்டுட்டுப் போயிடும். எதுக்கு வயரு? ஓட்டப் போறது நான். எனக்கு ஓடுது. எடுத்துடுங்க தம்பி.”

மூன்று வாரமாக அவன் தனக்காகவே சோதித்துக்கொண்டிருந்தான். காருக்குப் போய்த் தகட்டை எடுத்துவந்தான்.

“இப்பவே அடிக்கணுமா அண்ணே?” என்றாள் ஷாஹிரா. “ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு அடிக்கலாமே?”

“இப்பவே.”

லாரியில் துளைக்கருவி இருந்தது. முன்மூடியின் பக்கவாட்டில் நான்கு ஆணி. அது முடிந்ததும் சந்திரிகா அக்கா அவனை மறுபடி ஏறச் சொன்னார். பின்னால் தள்ளி, முதுகு சாய்த்து, முழு ஆளாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். கோல் கம்பத்தருகே இயந்திரம் ஒரு முறை இருமியது. நிற்கவில்லை.

8

ஓர் ஒப்புதல். ஆள் உட்கார்ந்ததே தெரியாத இயந்திரம், மனைவியை இழந்தவன்: இது மிகவும் வசதியான குறியீடு. வேறு யாராவது எழுதியிருந்தால் ஓரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். அதனால் மாற்றிப் பார்த்தேன். எரிபொருள் வடிகட்டியில் அடைப்பு என்று இரண்டு பக்கம் எழுதினேன். எல்லாம் பொருந்தியது. தனேஷ் மட்டும் சிரிக்க மறுத்தான். வடிகட்டியை எடுத்துவிட்டு சுவிட்சைத் திரும்பப் போட்டேன். உண்மையில் நடந்ததும் அதுதான். நடந்ததற்கு நான் என்ன செய்ய?

9

முடிவுகள்.

(அ) இயந்திரம் பத்து ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இதை எழுத முடியாது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது.

(ஆ) தனேஷ் வேலியோரம் போய்க்கொண்டிருக்கும்போதே கதையை நிறுத்திவிடுவது. கதை நின்றுவிட்டால் இயந்திரம் பழுதாகாது. பட்டர்வொர்த்துக்குப் போன நாளில் இதைத்தான் எழுதியிருப்பேன். இப்போது அதற்குத் தேவை இல்லை.

(இ) ஒரு நாள் அது நின்றுவிடுகிறது. பெல்ட்டோ பேரிங்கோ. சந்திரிகா அக்கா திட்டிக்கொண்டே ஷாஹிராவை அழைக்கிறார். மறுநாள் பிறையிலிருந்து லாரி வருகிறது. பாகம் மாறுகிறது, புல் வெட்டப்படுகிறது. தகட்டின் மேல் யாரும் எந்தத் தாளும் ஒட்டவில்லை. தனேஷிடம் யாரும் சொல்லக்கூட இல்லை. சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரிய செய்தி அல்ல அது. ரூபினிக்கு அதனால் எதுவும் ஆகிவிடவில்லை.

இந்த மூன்றாவதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அது எந்தத் தேதி என்பதை நான் எழுதப்போவதில்லை. இத்தனை நாள் எழுதியவற்றில், எழுதாமல் விட்டுவிட எனக்கு மனம் வந்த முதல் வரி அது. நீங்களே ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் என்றாலும் எனக்குச் சம்மதம்.

விளையாட்டுப் போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம். சந்திரிகா அக்கா உங்களைச் சும்மா விடமாட்டார்.